ஓடையைக் கர்நாடகத்துக்கு அனுப்பிய புள்ளி

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் பெரியவள் தன் பள்ளிக்கூட வேலைக்காக நம் வீடு இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்த டிகிரி, நிமிடம், விநாடி மூன்றையும் பார்த்து, குறிகளையெல்லாம் விட்டுவிட்டு, டிகிரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மீதி எண்களை அப்படியே ஒட்டி அடித்தாள். அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

"ஒரு புள்ளி வெச்சதுக்கு எதுக்குப்பா துப்புறீங்க?" என்று சின்னவன் கேட்டான்.

அங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. பக்கத்து நாற்காலியில் ஆட்கள், பின்னால் வரிசை. அதனால் பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்களில் பிழை இருக்காது. அவற்றை நான் மறக்கவில்லை.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது நான் ஓசூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேபில் வேன் ஓட்டினேன். கம்பெனிக் கழிவுநீர், ஏரித் தண்ணீர், போர்வெல் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டிலில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோம். கெலவரப்பள்ளி, பாரூர், சாமல்பட்டி என்று மாவட்டம் முழுக்க அந்த வேன் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் நான் வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா என்னை உள்ளே விடமாட்டாள். வாசல் குழாயடியிலேயே குளிக்க வைப்பாள். சோப்புப் போட்டாலும் போகாத நாற்றம் அது. கூமுட்டையும் பெயின்ட் தின்னரும் கலந்து வெயிலில் காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் முதலாளிக்கு அது உறைக்காது. சாம்பிள் பாட்டில் வைக்கிற ஃப்ரிட்ஜிலேயே கேக் வைத்துத் தின்பார். வருகிறவர்களுக்கும் எடுத்துக் கொடுப்பார்.

என்னோடு சாம்பிள் எடுக்க வந்தது ஒரு கெமிஸ்ட் பெண். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், காலேஜ் முடித்துவிட்டு வேலைக்காக ஓசூருக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தது. நான் அதை மேடம் என்பேன், அது என்னை அண்ணாச்சி என்னும். பாட்டிலில் சீட்டு ஒட்டுவது, எடுத்த இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் பார்த்து எழுதுவது இரண்டும் அதன் வேலை. கருவி கைக்கு அடக்கமாக, பழைய மொபைல் போன் அளவில் இருக்கும். திறந்தவெளியில் பிடித்துக்கொண்டு நின்றால் கொஞ்ச நேரத்தில் நாம் நிற்கும் இடத்தை எண்ணில் காட்டும்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஓடை. அதன் கரையில் ஒரு குடும்பம் கோஸும் கொத்தமல்லியும் போட்டு நான்கு கறவை மாடு வைத்திருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ், பால் சொசைட்டியில் கன்னடம். அந்த வீட்டு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் மூட்டு வலிக்காரர், அதிகம் நடக்கமாட்டார். ஓடையின் மேல் பக்கம் ஒரு கம்பெனிச் சுவரின் அடியிலிருந்து குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த தண்ணீர் ஓடையைக் கறுப்பாக்கி, கரையோரம் இருந்த அவர்கள் கிணற்றையும் கறுப்பாக்கிவிட்டது. அதைக் குடித்த மாடு ஒன்று மாதம் நிறையாமலே கன்றைப் போட்டுவிட்டது. பாலில் வாடை அடிக்கிறது என்று சொசைட்டிக்காரர் கேனைத் திருப்பி அனுப்பினார். அந்த அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, குடம் குடமாகத் தூக்கிவந்து மாடுகளுக்குக் காட்டியது. கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் வராது. அதற்குள் கம்பெனிக் குழாயை அடைக்காவிட்டால் மாடுகளை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மனு எழுதிப் போட்டிருந்தது.

மனுவின் பேரில் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவர் சொல்லித்தான் எங்கள் லேபைக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஓடைக்குள் இறங்கினோம். என் செருப்பு சேற்றில் புதைந்து, இழுத்தபோது கறுப்புக் கோந்து நூல் நூலாக வந்தது. நுரை முழங்கால் வரை. கெமிஸ்ட் பெண் துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பாட்டிலை நிரப்பியது. அதிகாரி மேலேயே நின்றார். கைக்குட்டையை மூக்கில் அழுத்திப் பிடித்திருந்ததால் அவர் சொன்னது எதுவும் புரியவில்லை, கையால்தான் காட்டினார். குழாய்க்கு நேரே கருவியைப் பிடித்தோம். வடக்கு 12 டிகிரி 45 நிமிடம் 36 விநாடி, கிழக்கு 77 டிகிரி 48 நிமிடம் 18 விநாடி. அந்தப் பெண் எழுதியது. அதிகாரியும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா கொண்டுவந்து கொடுத்த மோரை அவர் வாங்கவில்லை. வாங்காததை நான் குறை சொல்லமாட்டேன். என்னாலும் அங்கே நின்று குடிக்க முடியவில்லை.

ரிப்போர்ட் போனது. தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா லேபுக்கு வந்தது. கையில் ஒரு பதில். சாம்பிள் எடுத்த இடம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இல்லை, பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது, ஆகவே அங்கே முறையிடவும், மனு முடிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. கீழே அதே அதிகாரியின் கையெழுத்து.

அந்த அம்மா கத்தவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டது.

"ஏண்ணா, நீங்களும் வந்தீங்க, அந்தப் பொண்ணும் வந்துச்சு. ஆபீசரு மூக்கப் பொத்திக்கினு நின்னாரே, அவரு எந்த ஊர்ல நின்னாரு?"

கெமிஸ்ட் பெண் பதிலை வாங்கிப் பார்த்தது, பிறகு எங்கள் ரிப்போர்ட்டின் நகலைப் பார்த்தது. ரிப்போர்ட்டில் இடம் 12.4536, 77.4818 என்று இருந்தது. நகலைக் கையில் பிடித்தபடியே அது வெளியே வேனுக்கு வந்தது. நானும் அந்த அம்மாவும் பின்னாலேயே போனோம்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டரில் இடத்துக்கான கட்டத்தில் எண்ணும் ஒரு புள்ளியும்தான் ஏறும். டிகிரிக்கான குட்டி வட்டமும் நிமிடத்துக்கான கோடும் ஏறாது. முதலாளி ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தார், வட்டமும் வேண்டாம் கோடும் வேண்டாம், ஒரு புள்ளி வைத்து மீதியைச் சேர்த்து அடி என்று. அடிக்கிறவரும் அப்படியே அடித்தார். சாம்பிள் எடுக்கிற பெண் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை, அது நேராக முதலாளி மேஜைக்குப் போய்விடும்.

அந்தப் பெண் வேன் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்தது.

"அண்ணாச்சி, ஃபேக்டரியில ஒருத்தரு ரெண்டு மணி முப்பது நிமிஷம் ஓ.டி. பாக்காரு. அது எத்தன மணி நேரம்?"

"ரெண்டர."

"அத ரெண்டு புள்ளி முப்பதுன்னு எழுதினா?"

ஓசூரில் ஓ.டி. என்கிற ஓவர்டைம் கணக்குத் தெரியாதவன் யார்? ரெண்டு புள்ளி ஐந்துதான் ரெண்டரை. ரெண்டு புள்ளி முப்பது என்றால் ரெண்டே காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சண்டை வரும் என்று சொன்னேன்.

"அதேதான் இங்கயும் நடந்திருக்கு" என்றது.

இந்த இடத்தை நீங்கள் இருவரும் நிதானமாகப் படியுங்கள். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். ஒரு நிமிடத்துக்கு அறுபது விநாடி. நூறு இல்லை, கடிகாரம் மாதிரிதான். புள்ளி வைத்து எழுதும்போது மட்டும் பத்து, நூறு என்று போகும். ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டுமானால் வகுக்க வேண்டும். கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். 36 விநாடியை அறுபதால் வகுத்தால் 0.6. அதை நிமிடத்தோடு சேர்த்தால் 45.6 நிமிடம். அதை மறுபடி அறுபதால் வகுத்தால் 0.76. டிகிரியோடு சேர்த்தால் 12.76. அந்தப் பக்கமும் அப்படியே. 18 விநாடி 0.3 நிமிடம், ஆக 48.3 நிமிடம், அறுபதால் வகுத்தால் 0.805, ஆக 77.805. திரும்பப் போக வேண்டுமானால் பெருக்குங்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அறுபதால் பெருக்கினால் நிமிடம் வரும், அதில் மிஞ்சும் புள்ளியை மறுபடி அறுபதால் பெருக்கினால் விநாடி வரும்.

அந்தப் பெண் கருவியின் மெனுவைத் திறந்தும் காட்டியது. ஒரே இடத்தை அது மூன்று விதமாக எழுதும். 12 டிகிரி 45 நிமிடம் 36 விநாடி என்று ஒன்று. 12 டிகிரி 45.600 நிமிடம் என்று ஒன்று. 12.76000 டிகிரி என்று ஒன்று. மூன்றும் அந்தக் குழாயின் வாய்தான். ஆனால் 12.4536 என்பது மூன்றிலும் இல்லை, அது வேறு ஊர். மேப் புத்தகத்தில் தேடினோம். தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கர்நாடகக் காட்டுக்குள் விழுந்தது.

அந்த அம்மா எண்களைப் பார்க்கவில்லை, மேப்பில் அந்தப் பெண்ணின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தது. பச்சைப் பச்சையாக இருந்தது. "அங்க ஆன தண்ணி குடிக்கும், எம் மாடு குடிக்காது" என்றது.

மூவரும் முதலாளியிடம் போனோம். தப்பு வெளிப்பட்டுவிட்டது, திருத்தி ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவருக்குக் கணக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பெண் ஒரு தடவை சொன்னதும் தலையை ஆட்டினார். பிறகு அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒன்னத் திருத்தினா எல்லாத்தையும் திருத்தணும். இத்தன வருஷ ரிப்போர்ட்டும் கெடக்குது. எவன் எவன் வந்து நிப்பான்னு தெரியுமா? தண்ணி கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்தேனா இல்லியா? அது சரிதான? எடம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

"அம்பது கிலோமீட்டர் முன்ன பின்ன சார்" என்றது அந்தப் பெண்.

அவர் சிரித்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து கேக்கை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தப் பெண் பழைய ரிப்போர்ட்களைப் புரட்டிப் பார்த்ததாம். பாரூர் ஏரியில் எடுத்த தண்ணீர் தர்மபுரிக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் யாரும் மேப்பில் வைத்துப் பார்த்ததே இல்லை. அந்த ஓடையின் ரிப்போர்ட்டை மட்டும்தான் அதிகாரி மேப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஏன் அதை மட்டும் பார்த்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

அந்த அம்மா விடவில்லை. தினமும் அந்த ஆபீசுக்குப் போனது. பால் கறந்துவிட்டு, வாங்க ஆளில்லாத பாலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, முதல் டவுன் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் முதலாளியையே அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன். முதலாளி பேசியதை நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். எண்ணை மாற்றி எழுதிய விவரத்தை இருவருமே பேச்சில் எடுத்தார்கள், சேற்றை மிதித்த காலை வெடுக்கென்று எடுப்பதுபோல உடனே விட்டுவிட்டார்கள். அதிகாரி அன்று அங்கே நின்றவர், மூக்கைப் பொத்தியவர். "நான்தான் நேரில் பார்த்தேனே" என்று ஒரு வார்த்தை அவர் எழுதியிருந்தால் போதும். அவர் சொன்னது வேறு. பழைய ரிப்போர்ட்டைத் தொட வேண்டாம், அது முடிந்துபோனது. புதிதாக ஒரு சாம்பிள் எடுத்துக்கொள்ளலாம், கம்பெனிக்கும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிடலாம். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் எழுந்து கைகொடுத்துக்கொண்டார்கள்.

நோட்டீஸ் என்றால் என்ன அர்த்தம் என்று வேனில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வரப்போகிற தேதியை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது.

இரண்டாவது தடவை போனபோது குழாய்க்குப் பக்கத்தில் புதுச் சிமென்ட் பூசியிருந்தது. ஓடையில் நுரை இல்லை. சுவருக்குப் பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயிலிருந்து வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, போர்வெல் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. அடியில் இருந்த கறுப்புச் சேறு மட்டும் அப்படியே இருந்தது. மேலே நல்ல தண்ணீர் ஓட, அதற்குக் கீழே கறுப்புச் சேறு தெளிவாகத் தெரிந்ததுதான் அசிங்கமாக இருந்தது. அதிகாரி இந்தத் தடவை கரைக்கே இறங்கி வந்தார். கைக்குட்டை பாக்கெட்டிலேயே இருந்தது.

கெமிஸ்ட் பெண் கருவியை வைத்துப் பார்த்தது. 12.76, 77.805. இந்தத் தடவை அதுவே தன் கையால் ரிப்போர்ட்டில் அடிக்கும் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். எண்ணில் ஒரு குறையும் வராது. பாட்டிலை நிரப்பும்போது அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு அதிகாரியிடம், கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு சாம்பிள் எடுக்கலாமா என்று கேட்டது. உத்தரவில் ஓடை மட்டும்தான் இருக்கிறது, கிணறு அவர்கள் சொந்த இடம் என்றார்.

அந்த அம்மா கரையில் நின்றது. பின்னால் நான்கு மாடும் கட்டியிருந்தது, எலும்பு தெரிந்தது.

"சார், போன தடவ தண்ணி இங்க இருந்துச்சு, எடத்தத்தான் அங்க கொண்டுபோனீங்க. இந்தத் தடவ எடம் இங்க இருக்குது. தண்ணிய எங்க கொண்டுபோனீங்க?"

ஓடை சுத்தமாக இருப்பதற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் அம்மா என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்தப் பெண் யாரையும் கேட்காமல் கிணற்றில் ஒரு பாட்டில் எடுத்துவந்தது. சீட்டு ஒட்டியது, மூன்று விதமாகவும் இடத்தை எழுதியது. அதை முதலாளி சோதனைக்கே அனுப்பவில்லை. உத்தரவில் இல்லாததைச் செய்தால் காசு யார் தருவார்கள் என்று கேட்டு, என் கண் முன்னாலேயே கை கழுவும் தொட்டியில் ஊற்றினார். தொட்டியின் வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு நின்றது. அதைக்கூடக் கழுவிவிடவில்லை. அதற்கு மேலேயே கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நல்ல தண்ணீர் என்று ரிப்போர்ட் போனது. இடம் துல்லியம், எல்லை தமிழ்நாடு, மனு முடிந்தது. மறுவாரமே குழாயில் பழையபடி கறுப்புத் தண்ணீர் வந்தது.

கோடையில் மாடுகள் போய்விட்டன. ஏற்றும்போது நான் அங்கே இருந்தேன். புருஷன் கூப்பிட்டு அனுப்பியிருந்தார், வண்டிக்கு ஆள் பிடித்துத் தர முடியுமா என்று. கன்றைப் பறிகொடுத்த மாடு மட்டும் பலகையில் ஏறவில்லை. அந்த அம்மா அதனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு வாளியைக் காட்டிப் பின்னால் நடக்க வைத்தது. வாளியில் தெருக்குழாய்த் தண்ணீர். அதை மோப்பம் பிடித்துக்கொண்டே மாடு வண்டிக்குள் ஏறிவிட்டது. குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் அந்த அம்மா இறங்கியது. கிணற்றின் மேல் கல் பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். ஆனாலும் நாற்றம் வந்துகொண்டிருந்தது.

கெமிஸ்ட் பெண் அந்த மாதமே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டது. நான் இன்னும் சில மாதம் ஓட்டினேன், நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்களே. பிறகு கம்பெனி ஆட்களை ஏற்றும் பஸ் கிடைத்ததும் மாறிவிட்டேன். உங்கள் அம்மா வாசலில் குளிக்க வைப்பதை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் துப்பிவிட்டு உள்ளே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெரியவள் அடித்ததைத் திருத்த வைத்தேன். விநாடியை அறுபதால் வகு, நிமிடத்தோடு சேர், மறுபடி வகு. வீடு சரியாக வந்தது. பிறகு நான் சொன்ன வேறு இரண்டு இடங்களையும் அடிக்கச் சொன்னேன், ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. முதலாவது 12.4536, 77.4818. ஒரே பச்சை. "இங்க ஒண்ணுமே இல்லியேப்பா" என்றான் சின்னவன். ஒன்றும் இல்லைதான், அங்கேதான் அந்த மனுவைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இரண்டாவது 12.76, 77.805. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கூரைகள் தெரிந்தன. நடுவில் ஓடை. மேப் போட்டவர்கள் அதற்கு நல்ல நீல நிறம் தீட்டியிருந்தார்கள். "அழகா இருக்குதுப்பா, போலாமா" என்று பெரியவள் கேட்டாள். நேரம் முடிந்துவிட்டது, எழுந்திரு என்றேன்.